ஒரே சுவரில் நீலமும் பச்சையும்

போன வருஷ மழையில் எங்கள் உள் ரூமின் மேற்குச் சுவர் ஊறிப் பொரிந்து கொட்டியது. கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசி முடித்தோம். ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் ஒட்டுப்போட்ட பாவாடை மாதிரி இருக்கும், அடித்தால் நாலு சுவருக்கும் அடிக்க வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் "உன் இஷ்டம்" என்று சொன்னால் பின்னாடி ஏதோ வில்லங்கம் வருகிறது என்று அர்த்தம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாததா?

பெயிண்டர் போளூர் ரோட்டுக்காரர். வாய் ஓயாது, ஆனால் கை சுத்தம். நான் கடை அட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு இதுவா அதுவா என்று விரலை நகர்த்திக்கொண்டே இருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் அட்டையைப் பிடுங்கி மடித்து வைத்தார்.

"அட்டையில பாத்து எடுக்காதீங்கக்கா. அட்டையில ஒன்னு தெரியும், செவுத்துல வேற ஒன்னு தெரியும். அப்பறம் என்னத்தான் திட்டுவீங்க. ரெண்டு கலரையும் செவுத்துலயே அடிச்சுக் காட்றன், பாத்துட்டுச் சொல்லுங்க."

புதுப் பூச்சின் மேல் முறம் அகலத்துக்கு இரண்டு திட்டு அடித்தார். ஒன்று இளநீலம், நீலம் போட்டுத் துவைத்த வேட்டி போல. பக்கத்தில் இருந்தது பிஸ்தா பச்சை. காய்ந்ததும் நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன், சாத்திப் பார்த்தேன், லைட் போட்டுப் பார்த்தேன். பச்சை மோசமில்லை. கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் என் மனசு நீலத்தில்தான் போய் நின்றது. அதற்குக் காரணம் அந்த ரூமேதான்.

நான் வந்தவாசிப் பக்கத்துப் பெண். ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எங்களுக்கென்று ஒதுக்கியது அந்த ரூமைத்தான். அவருக்கு அப்போதே சொந்தச் சாயப் பட்டறை. வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை, அடுப்பு, செம்புத் தொட்டி. தறி வைத்து நெசவு நடத்தும் முதலாளிகள் வெள்ளைப் பட்டு நூலைக் கழி கழியாகக் கட்டிக் கொண்டுவந்து, கூடவே இந்தக் கலர் வேண்டும் என்று ஒரு துண்டு நூலை மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இவர் அதைப் பார்த்துச் சாயம் கூட்டி, அச்சு அசலாக அதே கலரில் முக்கி எடுத்துக் கொடுப்பார். ஊரில் அவருக்கு நல்ல பேர். கல்யாணத்துக்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் அந்தப் பேரைச் சொல்லித்தான் பெண் கேட்டார்கள்.

வரப்போகும் பெண்டாட்டிக்கு ரூமை அழகு பண்ண வேண்டும் என்று மனுஷனுக்கு ஆசை. எல்லோரும் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை சலவை நீலம் கலந்து அடிப்பார்கள், முடிந்தது வேலை. இவருக்கு அது போதுமா? பட்டறையில் இருந்த பட்டுச் சாயத்தை எடுத்துச் சுண்ணாம்பு டின்னில் கரைத்து, தன் கையாலேயே நாலு சுவருக்கும் அடித்துவிட்டார். சாயக்காரரைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. நான் முதன்முதலில் உள்ளே காலை வைத்தபோது மயில் கழுத்துக் கலர் சேலைக்குள் நுழைந்தது போல இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிஷமே எனக்கு இவரைப் பிடித்துப் போய்விட்டது.

என்னைக் கொண்டுவந்து விட எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வண்டி ஜனம் வந்திருந்தது. நல்ல வெயில் காலம். சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் அந்த ரூமில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, பேசி, அப்படியே கண் அயர்ந்துவிட்டார்கள். சாயங்காலம் கிளம்பும்போதுதான் தெரிந்தது. எங்கள் அப்பாவின் வெள்ளைச் சட்டை, சித்தப்பாவின் ஜிப்பா, அம்மாவின் சந்தனக் கலர் சேலை, எல்லார் முதுகும் நீலம்! வியர்வைக்குச் சுவர் சாயத்தை விட்டுவிட்டது. வந்தவாசி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேட்டாராம், "இன்னா, எல்லாரும் ஒரே வூட்லயா சாஞ்சினு வந்தீங்க?" என்று.

அம்மா மறுவாரம் வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சாயம் போடறதுல பெரிய கைகாரருன்னு சொன்னாங்களேடி. செவுத்துலயே நிக்கல, நூல்ல எப்படி நிக்கும்?" என்று நிஜமான கவலையோடு கேட்டாள். எனக்கு மானம் போய்விட்டது. கோபம் எனக்கு எப்போதுமே மூக்கு மேல். புதுப்பெண் என்றும் பார்க்காமல், முதுகு நீலமான என் ரவிக்கையை அவர் முன்னால் விரித்துப் போட்டுச் சண்டை போட்டேன். மனுஷன் ரவிக்கையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார், முழுசையும் அதே நீலத்தில் முக்கிப் பிழிந்து கொண்டுவந்து கொடியில் போட்டார். "இப்ப சரியாப் பூடுச்சா?" என்றார். இடது புருவம் மட்டும் மேலே ஏறியிருந்தது. அவர் கிண்டல் பண்ணும்போது அந்த ஒரு புருவம்தான் ஏறும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த ரூமுக்கு எத்தனையோ கலர் அடித்தாகிவிட்டது. மகள் படிக்கும்போது ரோஸ் அடித்தோம், அவள் கல்யாணத்துக்குத் தந்தக் கலர். நீலம் மட்டும் திரும்ப வரவேயில்லை. மகளும் சென்னைக்குப் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இனிமேல் யார் வந்து சாயப் போகிறார்கள், நமக்குப் பிடித்ததை அடித்துக்கொள்ளலாமே என்று இருந்தது. அவரும் நீலம் என்றுதான் சொல்வார், நான் பழசையெல்லாம் எடுத்துவிட்டு அவரை ஓட்டலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பட்டறையிலிருந்து வந்தார். கையெல்லாம் அரக்குச் சாயம்.

"இன்னாங்க, ரெண்டுல எது? ஜல்தியா சொல்லுங்க. இவரு டப்பா ஒடைக்கணும்."

வந்து நின்று பார்த்தார். "ரெண்டுல எதுன்னா? ரெண்டும் ஒன்னுதானே. ஒரே பச்ச. ஒன்னு கொஞ்சம் தண்ணி ஊத்தனாப்ல கீது, அவ்ளோதான்."

பெயிண்டர் சிரித்தார். "அண்ணன் தமாஷ் பண்றாரு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். "நீலம் வாணாம்னா வாணாம்னு சொல்லுங்க. எதுக்கு சுத்தி வளைக்கறீங்க?"

"நீலமா? எங்க கீது நீலம்?" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். புருவம் ஏறவில்லை. இரண்டும் சமமாக, இரண்டு திட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்டரிடம் நாளைக்குச் சொல்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது என் வேலை. கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதற்கு வேண்டிய நூலெல்லாம் ஒரு டப்பாவில் இருக்கும். அவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் டப்பாவைத் திறந்து முன்னால் வைத்து, "அந்தக் கருப்ப எடுங்க" என்றேன். கருநீலத்தை எடுத்துக் கொடுத்தார். "வெள்ளய எடுங்க" என்றேன். சந்தனத்தை எடுத்தார். கடைசியில் கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"இன்னாமே, எனக்குப் பரிட்ச வெக்கிறியா? நூல் பாக்கறதுக்கு எனக்கே நீ கத்துக் குடுக்கறியா?"

"கத்துக் குடுக்கலங்க. உங்க கண்ணுல என்னமோ கீதுங்க."

"கண்ணுல ஒன்னும் இல்ல. உள்ளார இருட்டு. இருட்டுல பாத்தா எந்தக் கலரும் அப்படித்தான் தெரியும்."

நான் நூலை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அங்கேயும் கருநீலம் அவருக்குக் கருப்புதான். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க வீட்டில் பேச்சு இல்லை.

எனக்கு என்ன பயம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். பட்டு நூலில் ஒரு கழி கலர் தப்பினால் சேலையில் பட்டையாகக் கோடு விழும், அந்தச் சேலையை எவரும் தொட மாட்டார்கள். அத்தனை விலையுள்ள நூலை முதலாளிகள் இவரிடம் கொடுப்பது இவர் கண்ணை நம்பித்தான். 'அவருக்குக் கண்ணு சரியில்லையாம்' என்று ஒரு வாய் சொன்னால் போதும், மறுநாள் எங்கள் வாசலுக்கு நூல் வராது. சோறு போனால்கூடப் பரவாயில்லை, மகள் இருக்கிறாள், எப்படியோ ஓட்டிவிடலாம். பேர் போய்விட்டால் இந்த மனுஷன் படுத்துவிடுவார். எனக்கு அந்தக் கவலைதான்.

மறுநாள் விடிந்ததும் பார்க்கிறேன், அவர் உள் ரூமில் ஜன்னலை அகலத் திறந்து வைத்துக்கொண்டு சுவரின் முன்னால் நிற்கிறார். நீலத் திட்டைத் தடவிப் பார்த்தார், பச்சையைத் தடவிப் பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். தடவினால் கலர் தெரியுமா? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்த்தேன்.

காபி குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார். "சரி, வேலூருக்குப் போயிட்டு வருவோம். ஆனா ஒன்னு. ஊருக்குள்ள ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது."

"யார் சொல்லப் போறாங்க?"

"நீதான். உனக்கு வாய் சும்மா இருக்காது."

வேறு சமயமாக இருந்தால் அதற்கு ஒரு பாட்டம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்றைக்கு விட்டுவிட்டேன்.

மகளுக்கு மட்டும் போனில் சொன்னோம். தெருவில் கேட்டவர்களிடம், வேலூருக்கு எதிர்த் திசையில் இருக்கும் சேத்துப்பட்டில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கல்யாணத்துக்குப் போகிறவள் பருத்திச் சேலையிலா போவாள் என்று பட்டுச் சேலை கட்டிக்கொண்டேன், தலையில் பூ வேறு. ஆரணி பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம், எங்களுக்கு அதிகமாக நூல் கொடுக்கும் முதலாளி நேராக வந்து ஜன்னலண்டை நிற்கிறார்! இவரைவிட இளையவர், இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"எங்கண்ணே, குடும்பமா கெளம்பிட்டீங்க?"

"சேத்துப்பட்டுக்கு. கல்யாணம்" என்றார் இவர், வேலூர் என்று கொட்டை எழுத்தில் போட்ட பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு.

முதலாளி பலகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "நல்லபடியா போயிட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் என்னவோ ரொம்பச் சாமர்த்தியமாகச் சமாளித்த மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. இரண்டு கண்ணிலும் புரை என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து மஞ்சள் ஏறிவிட்டது, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது போலத்தான் பார்க்கிறார், மெதுவாக வருவதால் அவருக்கே தெரிந்திருக்காது என்று விளக்கினாள். இப்போது வலது கண், அது ஆறின பிறகு இடது கண் என்று முடிவானது. வலிக்குமா, எத்தனை நாள் படுக்க வேண்டும், எதுவும் இவர் கேட்கவில்லை.

"நீலம் திரும்ப வருங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"வரும்" என்றாள் அந்தப் பெண். நல்லா இருக்கணும் அவள்.

ஆபரேஷன் முடிந்து கருப்புக் கண்ணாடியோடு ஊருக்கு வந்தோம். பக்கத்து வீட்டுக்காரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். இவர் என்னை முந்திக்கொண்டு, "மெட்ராஸ் ஐ. கல்யாண வூட்ல ஒட்டிகிச்சி. கிட்ட வராதீங்க" என்றார். அந்த அம்மாள் மரியாதையாக நாலடி தள்ளி நின்று, "அய்யோ, பாத்துக்குங்க" என்றாள். டீக்கடைக்காரர் சொன்னார், எதிர்வீட்டுக்காரர் சொன்னார், வழியில் பார்த்த அத்தனை பேரும் முகம் மாறாமல் அதையே சொன்னார்கள். மெட்ராஸ் ஐ வந்தவரை யாரும் ஏன் ஒரு கண்ணில் மட்டும் பஞ்சு ஒட்டி அனுப்பினார்கள் என்று கேட்கவில்லை. நாங்களும் ஊரை ஏமாற்றிவிட்டோம் என்று நம்பிக்கொண்டோம். நம்மைப் போல முட்டாள் உண்டா!

வீட்டுக்குள் வந்ததும் நேராக உள் ரூமுக்குத்தான் போனார். பெயிண்டரை நான் வரச் சொல்லாததால் திட்டுகள் அப்படியே இருந்தன. கண்ணாடியைக் கழற்றி, வலது கண்ணில் ஒட்டியிருந்த பஞ்சையும் எடுத்தார். நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். அப்புறம் வலது கண்ணைப் பொத்தினார். மறுபடி மாற்றினார். "இந்தக் கண்ணுல ரெண்டும் பச்ச" என்றார். "இந்தக் கண்ணுல..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் சுவரிடம் போய் நீலத் திட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "நீலம்மே. என்னா நீலம்டா சாமி!"

கண்ணில் தண்ணீர் வரக் கூடாது, மருந்து கரைந்துவிடும் என்று நான் அதட்டினேன். நானே அழுதுகொண்டுதான் அதட்டினேன்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். திடீரென்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இத்தினி நாளா நான் என்னாத்தப் போட்டுக் குடுத்துகினு இருந்தேன்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பட்டறைக்கு எழுந்து போய்விட்டார். புகை ஆகாது, தூசி ஆகாது என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். கொட்டகையில் காயப் போட்டிருந்த கழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அரக்கு, மாம்பழம், குங்குமச் சிவப்பு, வெங்காயத் தோல். எல்லாம் குறையில்லாமல் இருந்தன. எனக்குப் போன உயிர் வந்தது. அவர் முகம் மட்டும் தெளியவில்லை.

"நீலம் எங்க?" என்றார்.

"என்னைக் கேட்டா?"

"போன ஆடிக்கு அப்பறம் இந்தக் கொட்டாயில ஒரு நீலம் வரலமே. கிளிப்பச்ச வரல. வாடாமல்லி வரல. யாரும் கட்றதில்ல போலன்னு நெனச்சிகினு இருந்தேன். அந்தக் கலர் எல்லாம் எங்க பூடுச்சி?"

உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த முதலாளி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வழியெல்லாம், எதையும் உளறாதீங்க, கண்ணுதான் சரியாப் போச்சே, இதோடு விட்டுடுங்க என்று கெஞ்சினேன். அவர் காதில் வாங்கவேயில்லை.

முதலாளி வாசலில் பாவு நூலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கண்ணே. மெட்ராஸ் ஐ எப்படி கீது?"

"மெட்ராஸ் ஐ இல்ல. கண்ணுல புரை. வேலூர்ல ஆபரேஷன் பண்ணிகினு வந்தேன்." இவர் உட்காரக்கூட இல்லை. "எனக்கு நீலம் தெரியாமப் பூடுச்சிப்பா. எத்தினி நாளாத் தெரியலன்னு எனக்கே தெரியாது. உன் நூல எதுனா பாழாக்கிட்டனா, சொல்லிடு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு இவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"எங்களுக்குத் தெரியும்ணே."

"எங்களுக்குன்னா?"

"நூல் குடுக்கற எல்லாருக்கும். போன ஆடியில ஆனந்தா நீலம் கேட்டிருந்தேன். நீலமும் இல்லாம பச்சயும் இல்லாம ஒன்னு வந்துச்சி. உங்க கையில கலர் தப்பாதே, கண்ணுலதான் என்னமோன்னு புரிஞ்சிகினேன். மத்தவங்களுக்கும் ஒன்னொன்னு அப்படி ஆயிருக்குது. நாங்களே பேசி, செவப்பு மஞ்சள மட்டும் உங்களுக்கு அனுப்பிட்டு, நீலம் பச்சய வெளியில போட்டுகினோம். கண்ணு பூடுச்சின்னு உங்ககிட்ட யாருண்ணே வந்து சொல்றது? நீங்க ஒடஞ்சிடுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

இவர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அந்த நூலு?" என்றார்.

முதலாளி சிரித்துவிட்டார். "அத்த ஏன் கேக்கறீங்க. தூக்கிப் போட மனசு வரல, தறியில ஏத்திட்டேன். புதுக் கலர்னு சொல்லி அனுப்பனேன். கடைக்காரன் இன்னும் வேணும்னு கேட்டான். எங்க போறது? அந்தக் கலர் எப்படி வந்துச்சின்னு போட்ட உங்களுக்கே தெரியாதே!"

அந்தச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டியது நான்தான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புதுசா கீதே, ஷோக்கா கீதே என்று மெச்சிக்கொண்டே கட்டினேன். இது எல்லாம் சேர்ந்து எனக்கு ஆத்திரமாக வந்துவிட்டது.

"ஊரே கூடிப் பேசிகினீங்களே, எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாங்க? அப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருப்பனே!"

முதலாளி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா அண்ணி? நீங்கதான் வெளிய தெரியாம மறைக்கிறீங்கன்னு இல்ல நெனச்சிகினு இருந்தோம். அந்த அம்மா எப்படிக் காப்பாத்தறாங்க பாருன்னு எங்க வூட்ல உங்களப் பத்திப் பேசாத நாள் இல்ல."

ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயில், அவர் தட்டில் விழும் குழம்பின் நிறம் முதற்கொண்டு தெரிந்தவள் நான். ஊருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. சுவரில் இரண்டு திட்டு அடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் தெரிந்திருக்காது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். முதலாளி வீட்டு அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது முதலாளி உள்ளே போய் ஒரு கட்டு வெள்ளைப் பட்டையும் மாதிரி நூலையும் எடுத்துக்கொண்டு வந்தார். மாதிரி நூல் நல்ல ஆனந்தா நீலம். இவர் அதை வாங்கி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஆசை தீரப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இன்னொரு கண்ணும் ஆவட்டும்பா. அதுவரைக்கும் செவப்பே குடு."

வீட்டுக்கு வந்து பெயிண்டருக்குப் போன் போட்டுச் சொன்னது அவர்தான். நீலம் என்று சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு ஒரு சண்டை போட்டிருக்கலாம், எனக்குத்தான் வாய் வரவில்லை. பெயிண்டர் வந்து நாலு சுவருக்கும் இரண்டு கோட்டு அடித்தார். அடித்துக் காய்ந்ததும் இவர் முதல் வேலையாக முதுகைச் சுவரில் நன்றாகத் தேய்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிச் சட்டையைக் காட்டினார், ஒரு பொட்டு நீலம் ஒட்டவில்லை. இடது புருவம் ஏறியிருந்தது.

இடது கண் ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்று காலையில் குளித்துவிட்டு வந்தவரை ஆளைக் காணோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் வீடெல்லாம் தேடினால், உள் ரூமில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தியிருக்கிறார்.

"இன்னா பண்றீங்க? கண்ணு உறுத்துதா?"

"இல்ல. இந்தப் பச்சய பாத்துகினு கீறேன். நாளைக்கு இது இருக்காது. இதுவும் நல்லாத்தான் கீது."

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பொத்திய கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பி என்னையும் பார்த்தார். முன்னே பின்னே அப்படி உற்றுப் பார்க்கிற ஆளே இல்லை.

"இந்தக் கண்ணுல உனக்கு நரையே இல்லமே" என்றார்.

எங்கேயாவது கிண்டல் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கையை எடுத்தார், இரண்டு கண்ணாலும் பார்த்தார். நான் சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

"அப்ப அந்தக் கண்ண அப்படியே வுட்டுடலாமா?" என்றேன்.

"வாணாம்" என்று சொல்லி, என் முந்தானையைப் பின்னால் தள்ளிவிட்டார். "எனக்கு நூல் பாக்கணும். எழுந்திரு, பஸ் பூடப் போவுது."